கேட் தேர்வு: எதைப் படிப்பது, எதை விடுவது

இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐஐஎம்-களில் எம்பிஏ படிக்க எழுத வேண்டிய கேட் (CAT) தேர்வைப் பற்றியது இந்தக் குறிப்பு. பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் சங்கடம். நவம்பர் மாதக் கடைசி ஞாயிறு வாக்கில் நடக்கும் இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி போன்றவற்றின் மேலாண்மைத் துறைகளும் எடுத்துக்கொள்கின்றன.

முதலில் தாளின் கணக்கு. 2024-இல் மொத்தம் 68 கேள்விகள்: ஆங்கிலத்தில் 24, டிஐஎல்ஆர் எனப்படும் தரவு-தர்க்கப் பகுதியில் 22, கணிதத்தில் 22. இதே வரிசையில்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோக முடியாது, முடிந்த பகுதிக்குத் திரும்பவும் முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். தவறான விடைக்கு 1 போகும். நான்கு விருப்பங்கள் தராமல் விடையை நாமே உள்ளிடச் சொல்லும் கேள்விகளும் உண்டு. அவற்றுக்கு மைனஸ் கிடையாது.

இனி இன்னொரு கணக்கு. கணிதத்தில் ஒருவர் 18 கேள்விகளைத் தொட்டு 10 சரி, 8 தவறு என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே விருப்பத்தேர்வுக் கேள்விகள் என்றால் 22 மதிப்பெண். இன்னொருவர் 12-ஐ மட்டும் தொட்டு 10 சரி, 2 தவறு: 28. இருவருக்கும் தெரிந்த கணக்கு பத்துதான். பின்னவருக்குக் கூடுதலாகத் தெரிந்தது எதைத் தொடக்கூடாது என்பது. சமீப ஆண்டுகளில் 99 பெர்சன்டைலுக்கு, அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரை முந்துவதற்கு, மொத்த மதிப்பெண்ணில் பாதிகூடத் தேவைப்படவில்லை. பள்ளித் தேர்வு மாதிரி 'முழுசா அட்டெண்ட் பண்ணணும்' என்ற பழக்கத்தோடு வருபவர்கள்தான் இங்கே அதிகம் அடி வாங்குகிறார்கள்.

ஜூன் முதல் வாரத்தில் தொடங்கினால் ஏறத்தாழ ஆறு மாதம் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்கள் வார நாட்களில் 2 மணி நேரம், சனி ஞாயிறில் தலா 5 மணி நேரம் ஒதுக்கினால் வாரத்துக்கு 20 மணி நேரம் ஆகும், அது போதும். ஆகஸ்ட் நடுவரை அடிப்படை, அதன்பின் மாக் டெஸ்ட் எனப்படும் மாதிரித் தேர்வும் அலசலும். படித்து முடித்துவிட்டு மாக் எழுதலாம் என்று அக்டோபர்வரை தள்ளிப்போடுவது பெரிய தவறு. இந்தப் பாடத்தை யாரும் முழுதாகப் படித்து முடிப்பதே இல்லை.

கணிதம்

பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பாடம்தான், கேட்கும் விதம்தான் வேறு. வரிசை முக்கியம்: முதலில் எண்கணிதம் (சதவீதம், லாப நட்டம், விகிதம், கலவை, வேலையும் நேரமும், வேகமும் தூரமும்), அடுத்து இயற்கணிதம் (சமன்பாடுகள், அசமன்பாடுகள், மடக்கை, சார்புகள், தொடர்கள்), பிறகு வடிவியல். எண் கோட்பாட்டையும் வரிசைமாற்றம்-சேர்மானத்தையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் புதிர்போல ருசியாக இருக்கிறதே என்று இந்த இரண்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு மாதத்தைக் கரைத்துவிடுகிறார்கள். தாளில் பாதிக்கு மேல் வருவது முதல் இரண்டு தலைப்புகளிலிருந்து.

சதவீதத்தைப் பின்னமாகப் பார்க்கப் பழகுங்கள். 1/6 என்றால் 16.67, 1/7 என்றால் 14.29, 1/8 என்றால் 12.5, 1/11 என்றால் 9.09. சர்க்கரை விலை 25% ஏறினால் செலவு ஏறாமலிருக்க எவ்வளவு குறைத்து வாங்க வேண்டும்? விலை 5/4 ஆனது, அளவு 4/5 ஆக வேண்டும், எனவே 20%. எக்ஸ், ஒய் போட்டு ஆரம்பிப்பவருக்கு ஒரு நிமிடம் போகும். திரையில் கால்குலேட்டர் உண்டு. ஆனால் மவுஸால் ஒவ்வொரு எண்ணாகத் தட்ட வேண்டியிருப்பதால் சின்னக் கணக்குக்கு அது உபத்திரவமே.

தேர்வறையில் மூன்று சுற்று. முதல் சுற்றில் 22 கேள்விகளையும் படித்து, பார்த்தவுடன் வழி தெரிபவற்றை மட்டும் போட்டுவிட்டு நகருங்கள்; 18 நிமிடம். இரண்டாவது சுற்றில் வழி தெரியும், ஆனால் நீளம் என்று குறித்து வைத்தவை. மூன்றாவதில், விடையை உள்ளிடும் கேள்விகளில் ஏதாவது எண் கிடைத்தால் போட்டுவிடுங்கள், இழப்பில்லை. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் சராசரி லாபம் சுழியம்: நான்கில் ஒரு முறை 3 வரும், மூன்று முறை 1 போகும். ஒரு விருப்பத்தையாவது தவறென்று உறுதியாக அடித்துவிட்டால் மட்டுமே ஊகம் லாபப் பக்கம் சாயும்.

டிஐஎல்ஆர்

பெரும்பாலோர் கவிழும் இடம் இது, கரையேறும் இடமும் இதுவே. ஒரே தரவை வைத்துக் கேட்கும் கேள்விக் கூட்டம்தான் செட். 2024-இல் ஐந்து செட்கள்; இரண்டில் ஐந்தைந்து கேள்விகள், மூன்றில் நான்கு நான்கு. இரண்டு செட்களை முழுதாகவும் மூன்றாவதில் ஓரிரு கேள்விகளையும் சரியாகப் போட்டாலே நல்ல இடத்தில் இருப்பீர்கள். ஆகவே கேள்வி எல்லாம் எந்த இரண்டு என்பதுதான்.

முதல் 6 நிமிடம் பேனாவைத் தொடாமல் ஐந்து செட்களையும் படியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, தரவை அட்டவணையாகவோ படமாகவோ வரைய முடியுமா? வரைய முடியாதது பெரும்பாலும் தீராது. இரண்டு, திட்டவட்டமான தகவல் எத்தனை? 'குமாருக்கு 7' என்பது திட்டவட்டம். 'குமாரைவிட ரவிக்கு அதிகம்' என்பது அல்ல. திட்டவட்டமான தகவல் குறைந்தது மூன்று இருந்தால் நம்பிக் கால் வைக்கலாம். மூன்று, கேள்விகளையும் படியுங்கள். எல்லாக் கேள்விகளும் 'இப்படி இருந்தால் என்னவாகும்' என்று புதுத் தகவலோடு தொடங்கினால், அந்த செட்டுக்கு ஒற்றைத் தீர்வு இல்லை, ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக உழைக்க வேண்டும் என்று அர்த்தம்.

செட்டுக்குள் இறங்கி 5 நிமிடமாகியும் அட்டவணையில் ஒரு கட்டம்கூட உறுதியாகவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். 'இவ்வளவு நேரம் போட்டாச்சே' என்ற எண்ணம் 15 நிமிடத்தை விழுங்கிவிடும்.

பயிற்சிக்குப் பழைய தாள்களை மிஞ்சியது இல்லை. 2020 முதல் 2024 வரை ஆண்டுக்கு மூன்று ஷிப்ட் வீதம் 15 தாள்கள். அவற்றில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட செட்கள் இருக்கின்றன. 2017 முதல் 2019 வரையான தாள்கள் 3 மணி நேரம், 100 கேள்விகள் என்ற பழைய அமைப்பில் இருப்பவை. செட்களுக்கு உதவும், நேரத்தைப் பழக உதவாது. தினம் இரண்டு செட், நேரம் வைத்து. தீராததற்கு விடை விளக்கம் பார்த்தால் தேதி குறித்து வைத்து, மூன்று வாரம் கழித்து வெறும் தாளில் மறுபடி போடுங்கள். விளக்கம் படித்தபோது புரிந்ததுபோல இருந்தது உண்மையில் புரிந்ததா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

ஆங்கிலம்

24-இல் 16 கேள்விகள் நான்கு பத்திகளைப் படித்து விடையளிப்பவை. மற்றவை பத்திச் சுருக்கம், வாக்கியங்களை வரிசைப்படுத்துதல், ஒட்டாத வாக்கியத்தைக் கண்டுபிடித்தல், வாக்கியத்தை உரிய இடத்தில் பொருத்துதல். சொற்பொருளை நேரடியாகக் கேட்பதில்லை. ஆகவே ஆயிரம் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இங்கே தடை சொல்வளம் அல்ல, மனதுக்குள் தமிழாக்கிப் படிக்கும் பழக்கம். அது 500 சொல் பத்தியை 7 நிமிடத்துக்கு இழுத்துவிடும். நமக்குத் தேவை 4. தத்துவம், மானுடவியல், பொருளாதாரம், சூழலியல் பற்றிய நீள் கட்டுரைகளைத் தினம் இரண்டு படியுங்கள். ஏயான் இணைய இதழிலிருந்து தேர்வில் பத்திகள் வந்திருக்கின்றன. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, ஆசிரியர் இதில் என்ன செய்தார் என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள்: பழைய கருத்தைச் சொன்னார், மறுத்தார், எடுத்துக்காட்டு தந்தார் என்று. தமிழில் சொன்னாலும் சரி.

தவறான விருப்பங்கள் நாலைந்து அச்சில் வார்த்தவை. பத்தியில் இல்லாததைச் சொல்வது. பாதி சரி, பாதி தவறு. 'எப்போதும்', 'மட்டுமே' என்று அளவு மீறுவது. மிகவும் ஏமாற்றுவது, பத்தியில் உள்ள உண்மைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையல்ல என்ற வகை. தவறிய ஒவ்வொரு கேள்வியிலும் எந்த அச்சில் விழுந்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரே குழியில் திரும்பத் திரும்ப விழுவது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

மாக் டெஸ்ட்

ஆகஸ்ட் நடுவிலிருந்து வாரம் ஒன்று, அக்டோபரில் வாரம் இரண்டு. மொத்தம் 20 போதும். இரண்டு மணி நேர மாக்குக்கு நான்கு மணி நேர அலசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழை நோட்டில் ஒவ்வொரு தவறுக்கும் நான்கில் ஒரு காரணம்: தெரியவில்லை, தெரிந்தும் கவனப் பிழை, நேரம் போதவில்லை, தொட்டிருக்கவே கூடாது. கடைசிக் காரணம் குறைகிறதா என்பதைத்தான் பெர்சன்டைலைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும். மாக்கில் பெர்சன்டைல் ஏறி இறங்கும். ஒரு முறை இறங்கியதற்காக உத்தியை மாற்றாதீர்கள், மூன்று மாக் பார்த்துவிட்டு மாற்றுங்கள். நுழைவுச் சீட்டு வந்ததும் உங்கள் ஷிப்ட் காலை 8:30-ஆ, 12:30-ஆ, மாலை 4:30-ஆ என்று தெரிந்துவிடும். மிச்ச மாக்குகளை அதே நேரத்தில் எழுதுங்கள். இரவு பதினொரு மணிக்கு எழுதியே பழகிய மூளை காலையில் முழித்துக்கொள்ளச் சிரமப்படும்.

விண்ணப்பம்

பட்டப்படிப்பில் 50% (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45%) வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களும் எழுதலாம். நம் ஊரில் அடிக்கடி நடக்கும் விபத்து சாதிச் சான்றிதழில்தான். தமிழக அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வருமான வரம்புக்கு மேற்படாதவர் என்று சொல்லும் ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவைப் பதிவுக்குப் பின் மாற்ற முடியாது என்பதால் ஆகஸ்டில் பதிவு திறப்பதற்குள் தாலுகா அலுவலக வேலையை முடித்துவிடுங்கள்.

கேட் ஒன்றையே நம்பவும் வேண்டாம். ஜனவரி தொடக்கத்தில் வரும் எக்ஸ்ஏடி (XAT) என்ற இன்னொரு எம்பிஏ நுழைவுத் தேர்வுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது முக்கியமாக முடிவெடுத்தல் பகுதிக்கான பயிற்சி. ஆனால் அங்கே எட்டுக்கு மேல் விடப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் 0.10 கழியும், இங்கே பழகிய 'விடும்' கையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் படிக்க நினைப்பவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது.

ஐஐஎம் அல்லாத கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பலவற்றுக்குக் கடைசித் தேதி கேட் முடிவு வருவதற்கு முன்பே போய்விடும்; செப்டம்பரிலேயே தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.