எலுமிச்சைத் தளிர் மஞ்சளானதற்குக் காரணம் மண்ணில் இருந்த சுண்ணாம்பு

பார்வைக்கு மண்ணைக் குறை சொல்லவே முடியாது. ஒரு மீட்டர் தோண்டியும் பாறை தட்டவில்லை, பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்கிற அருமையான இருவாட்டி மண். ஆனாலும் எலுமிச்சையில் புதுத் தளிர் மட்டும் வெளிறியது, நரம்புகள் பச்சையாகவே இருந்தன.

முதலில் யூரியா போட்டேன். வீண். தழைச்சத்துக் குறை என்றால் பழைய இலைதான் முதலில் மஞ்சளாகும், அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். அப்புறம் இரும்புச்சத்துக் குறையோ என்று அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் கலந்தேன், அசையவில்லை. இலையில் தெளித்தபோது துளி விழுந்த இடம் மட்டும் புள்ளி புள்ளியாகப் பச்சையானது, அடுத்த தளிர் மறுபடி மஞ்சள்.

கடைசியில் மறுபடி குழி தோண்டினேன். இரண்டடி ஆழத்தில் வெள்ளை இழைகள், பார்த்தால் பூஞ்சை மாதிரியே இருக்கும். வினிகர் விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. பூஞ்சை நுரைக்காது, இது சுண்ணாம்பு! மேல்மண்ணிலும் லேசாக நுரை வந்தது, பி.எச். (கார அமில அளவு) 8.2, அதாவது காரமண். இந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, கரையாமல் கிடக்கிறது, நான் போட்ட அன்னபேதியும் அப்படியே முடங்கிவிட்டது. கந்தகம் போட்டு இவ்வளவு சுண்ணாம்பைக் கரைப்பது ஆகிற காரியமில்லை.

இரும்பு முடங்காமல் பிடித்து வைத்திருக்கும் கீலேட் உரம்தான் வழி. அதிலும் ஈடிடிஏ (EDTA) கீலேட் இந்தக் காரத்தில் தாங்காது, ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும். கருஞ்சிவப்பாகக் கரையும் அதை மாலையில் வேர்ப்பகுதியில் ஊற்றி மண்ணால் மூடினேன், வெயில் பட்டால் சிதைந்துவிடும். ஈரம் தேங்கினால் மஞ்சள் கூடும் என்பதால் தண்ணீரையும் இடைவெளி விட்டே பாய்ச்சினேன். அடுத்த தளிர் பச்சையாகவே வந்தது, ரொம்ப வெளிறிய இலைகள் மட்டும் தேறவில்லை.