ஹவாசாவில் பனியன் ஆலை: முதலீட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனி, எத்தியோப்பியாவின் ஹவாசா தொழிற்பூங்காவில் தையல் ஆலை போடலாமா என்று பார்க்கிறது என வைத்துக்கொள்வோம். ஹவாசாவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 2016-ல் பூங்கா திறந்தபோது அங்கே எல்லாம் சாதகமாகத் தெரிந்தது: கட்டி முடித்த ஷெட், பல வருட வருமான வரி விலக்கு, மலிவான கூலி. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சலுகை தரும் அமெரிக்காவின் 'அகோவா' சட்டத்தின்படி சுங்கமில்லாத நுழைவு. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமான சுங்கம் 16.5%; அகோவா நாட்டில் தைத்தால் அது அன்று பூஜ்யம். 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியா அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது 2021 நவம்பரில்தான். அதே மாதம் பூங்காவின் பெரிய பெயரான பி.வி.ஹெச். என்ற அமெரிக்க ஆடைக் கம்பெனி தன் ஆலையை மூடுவதாகச் சொல்லிவிட்டது. முதலீட்டுக் கணக்கில் எந்த எண் எவ்வளவு கனமானது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு கிடைப்பது அரிது.

கீழே வரும் டாலர் எண்கள் வழிமுறையைக் காட்ட வைத்துக்கொண்டவை; சுங்கச் சலுகை திரும்பக் கிடைத்துவிட்டதாகவும் வைத்துக்கொள்கிறோம். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் முதலீட்டுத் தொகை. புது மெஷினும் ஷெட்டுக்குள் ஒயரிங், ஸ்டீம் லைன் வேலைகளும் 18 லட்சம் டாலர். திருப்பூரில் சும்மா கிடக்கும் ஓவர்லாக், ஃபிளாட்லாக் மெஷின்களை அனுப்பினால் "அது நம்மகிட்டயே இருக்கே" என்று பூஜ்யம் போடுவார்கள். புத்தக மதிப்பையும் போடக் கூடாது. இங்கே விற்றால் என்ன விலை கிடைக்குமோ அதுதான் செலவு: 2 லட்சம். ஆட்களைப் பழக்குவது, இங்கிருந்து போகும் சூப்பர்வைசர்களின் விசா, தங்குமிடம் எல்லாம் 4 லட்சம். பெரும்பாலானோர் குறைத்துப் போடும் இடம் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கிலும் வர வேண்டிய பாக்கியிலும் முடங்கும் பணம். துணி தூத்துக்குடியில் கப்பலேறி ஜிபூட்டியில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் போக வேண்டும். தைத்த சரக்கு அதே வழியில் ஜிபூட்டி துறைமுகத்துக்குத் திரும்ப வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பையரின் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின்) கிரெடிட் நாட்களே தொடங்கும். திருப்பூர் யூனிட்டின் 45 நாள் சுழற்சியை இங்கே காப்பி செய்யக் கூடாது. துணியில் மட்டும் 90 நாள் பணம் முடங்கும் என்று எடுத்து 12 லட்சம் போடுகிறோம். மொத்தம் 36 லட்சம் டாலர்.

இனி வருமானம். முழு உற்பத்தியில் வருடம் 30 லட்சம் டி-ஷர்ட், எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 2.50 டாலர், செலவு போக பீஸுக்கு 45 சென்ட். ஆக, வருடம் 13.5 லட்சம். இதில் 20 சென்ட், சுங்கம் மிச்சமாவதால் பையர் கூடுதலாகத் தருவது. அதைத் தனியாகவே எழுதி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கூலி மலிவு என்பதை மட்டும் வைத்து முதல் வருடத்திலேயே லாபம் போட வேண்டாம். ஹவாசாவில் தொடக்கச் சம்பளம் மாதம் 26 டாலர் என்று 2019-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. உலகிலேயே மிகக் குறைந்த ஆடைத்தொழில் கூலி. ஆட்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததும் அதே பூங்காவில்தான். ஒரு டி-ஷர்ட்டின் எஸ்.ஏ.எம். (தைக்க ஆக வேண்டிய நேரம்) 7 நிமிடம், ஷிப்ட் 480 நிமிடம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லைன் எஃபிஷியன்சி, அதாவது ஷிப்ட் நேரத்தில் உண்மையில் பீஸாக மாறும் பங்கு, 55% என்றால் தினம் 10,000 பீஸுக்கு 265 டெய்லர் போதும். 25%-ல் அதே பீஸுக்கு 583 பேர் வேண்டும். கூடுதல் ஆளின் சம்பளம் சமாளிக்கக்கூடியதுதான். அவர்கள் உட்கார மெஷினும் ஷெட்டும் வேண்டுமே. அவை இல்லாவிட்டால் பீஸ் குறையும், ஷிப்மென்ட் தவறும், விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில் விழும். எனவே முதல் வருடம் 3 லட்சம் நஷ்டம், இரண்டாம் வருடம் 6 லட்சம் லாபம், 3 முதல் 7 வரை மெஷின் மாற்றும் செலவு 1 லட்சம் போக 12.5 லட்சம் என்று எடுக்கிறோம். ஏழாம் வருட முடிவில் நடைமுறை மூலதனத்தில் 10 லட்சமும் பழைய மெஷினில் 2 லட்சமும் திரும்பும்.

தள்ளுபடி வீதம், அதாவது வரும் வருடங்களின் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் வீதம், 13%, டாலரில். திருப்பூர் கம்பெனியின் ரூபாய் வீதத்தை டாலர் வரவின் மேல் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ரூபாயில் போட விரும்பினால், இரு நாட்டுப் பணவீக்க வித்தியாசத்தையும் சேர்க்க வேண்டும்: வித்தியாசம் 3% என்றால் 1.13 × 1.03, அதாவது 16.4%. இரண்டில் எது வேண்டுமானாலும் சரி, கலக்காமல் இருந்தால் போதும்.

13%-ல் ஆலையின் நிகர இன்றைய மதிப்பு (எல்லா வருட வரவின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தது) 5.58 லட்சம் டாலர் லாபம். பலர் இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இது ஹவாசா ஆலையின் கணக்கு. திருப்பூர் கம்பெனிக்கு என்ன வருகிறது என்பது வேறு கணக்கு. அதற்கு மூன்று திருத்தங்கள் வேண்டும்.

ஒன்று, இங்கிருந்து அங்கே நகர்ந்த ஆர்டர். அதே பையர் திருப்பூரில் கொடுத்துக்கொண்டிருந்த ஆர்டரில் ஒரு பகுதி போகும். வரி போக வருடம் 1 லட்சம் இழப்பு, இரண்டாம் வருடத்திலிருந்து: இன்றைய மதிப்பில் 3.54 லட்சம் குறைகிறது.

இரண்டு, வரி. அங்கே வரி விலக்கு இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம். அந்நிய கம்பெனி டிவிடெண்டுக்கு இந்தியாவில் இருந்த 15% சலுகை வீதம் 2022-23 நிதியாண்டிலிருந்து இல்லை. குறைந்த கம்பெனி வரி வீதத்தைத் தேர்ந்த கம்பெனிக்கு 25.17% வரி விழும். அங்கே டிவிடெண்டில் பிடித்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். மொத்தச் சுமை அதேதான். விலக்குக் காலம் முடிந்து அங்கே 30% கட்ட ஆரம்பித்தால், இரண்டும் சேர்ந்து 100 ரூபாய் லாபத்தில் ஏறக்குறைய 47.60 போய்விடும். வந்த டிவிடெண்டைத் தாய் கம்பெனி தன் பங்குதாரருக்கு உரிய காலத்துக்குள் பகிர்ந்தால் அந்த அளவுக்கு விலக்கு உண்டு. பணத்தைத் தொழிலிலேயே வைத்துக்கொள்பவர்களுக்கு அது உதவாது. நம் உதாரணத்தில் 3 முதல் 7 வரை வருடம் 8 லட்சம் டிவிடெண்ட், மீதி தாய் கம்பெனி ஆலைக்குக் கொடுத்த கடனின் அசலாகத் திரும்புகிறது. வரி 5.55 லட்சம் குறைக்கிறது. முழுவதையும் பங்கு முதலாகப் போடாமல் ஒரு பகுதியைக் கடனாகக் கொடுப்பதன் பயன் இங்கேதான் தெரியும்: அசல் திரும்பும்போது வரி இல்லை. தேய்மானத்துக்கு ஈடான பணத்தை டிவிடெண்டாக எடுக்கவும் முடியாது. கடன் தவணையாகத்தான் வெளியே வரும்.

மூன்றாவது திருத்தம் கூட்டல். திருப்பூரிலிருந்து போகும் துணியில் நமக்குக் கிடைக்கும் லாபம், வரி போக வருடம் 1.5 லட்சம், இதுவும் இரண்டாம் வருடத்திலிருந்து: 5.31 லட்சம் சேர்கிறது. அந்தத் துணி வேறெங்கும் விற்றிருக்காது என்றால்தான் இதைச் சேர்க்கலாம். விலையும் வெளியாருக்குப் போடும் விலையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரு நாட்டு வரித்துறையும் கேள்வி கேட்கும்.

5.58 − 3.54 − 5.55 + 5.31 = 1.80 லட்சம் டாலர். 36 லட்சம் போட்டு மிஞ்சுவது இவ்வளவுதான்.

இப்போது தனியாக எழுதிய 20 சென்டுக்கு வாருங்கள். ஐந்தாம் வருடத்திலிருந்து சுங்கச் சலுகை போனால் வருடம் 6 லட்சம் இழப்பு, வரி போக 4.49. முடிவு 4.70 லட்சம் நஷ்டமாகத் திரும்புகிறது. கடைசி வருடம் ஒன்றில் மட்டும் போனாலும் கணக்கு 0.11 நஷ்டம். ஏழு வருடமும் சலுகை நீடித்தால்தான் இந்த ஆலை தேறும். எந்த நாட்டுக்குத் தொடரலாம் என்று அமெரிக்கா வருடாவருடம் பரிசீலிக்கும் ஒரு சலுகைக்கு ஏழு வருட உத்தரவாதம் வைப்பது துணிச்சல். இதற்குப் பதிலாகத் தள்ளுபடி வீதத்தில் "எத்தியோப்பிய ரிஸ்க்" என்று 5% ஏற்றுபவர்கள் உண்டு. அப்படி ஏற்றினால் நல்ல வருடங்களும் சேர்ந்து அடிபடும், எந்த ஆபத்துக்கு என்ன விலை என்பதும் தெரியாது. வரவுத் தொகையிலேயே போடுங்கள், இரண்டிலும் போடாதீர்கள்.

பணம் வெளியே வருவதில் ஏற்படும் தாமதமும் இப்படித்தான். எத்தியோப்பியாவில் டாலர் தட்டுப்பாட்டால் வங்கியில் காத்துக் கிடப்பது நெடுநாள் பிரச்சினை. டிவிடெண்ட் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வருடம் தாமதமானால் 1.90 லட்சம் போகும், இருந்த 1.80-ம் காலி.

நாணயச் சரிவு சற்றுச் சிக்கலானது. எத்தியோப்பிய நாணயமான பிர்ரின் மதிப்பு 2024 ஜூலை இறுதியில் சந்தையிடம் விடப்பட்டது. டாலருக்கு 57 அளவில் இருந்தது, சில வாரங்களில் 100-ஐத் தாண்டியது. வருடம் 8% என்று மெதுவாகச் சரிவதாக எக்செல் போட்டவர்களுக்கு இது பிடிபடாது. ஏதாவது ஒரு வருடத்தில் ஒரே அடியாகப் பாதியாவதாகவும் ஒரு தாள் போடுங்கள். விற்பனை டாலரில், துணி டாலரில், சம்பளம் பிர்ரில் என்பதால் முதல் பார்வைக்கு லாபம். பின்னாலேயே விலைவாசி ஏறி, சம்பளமும் ஏறும். வங்கியில் மாற்ற முடியாமல் நின்ற பிர் பாதியாகும். வரி விலக்கு முடிந்த ஆலை என்றால் தேய்மானக் கழிவும் பழைய பிர் மதிப்பில்தான், டாலரில் அதுவும் பாதி.

இந்த எண்களோடு பேச்சுவார்த்தைக்குப் போனால் கேட்க வேண்டியது தெரியும்: மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா, ஷெட் வாடகையைப் பீஸ் கணக்கில் கட்டலாமா, துணியைப் பையரே கணக்கில் எடுப்பாரா, சுங்கச் சலுகை போனால் ஒப்பந்தத்தை முறிக்க வழி உண்டா. சுங்கமின்றி இறக்கிய மெஷினை உள்ளூரில் விற்றால் என்ன கட்ட வேண்டும் என்பதையும் கேட்டு, கடைசி வருட 2 லட்சத்தைத் திருத்துங்கள்.

ரிசர்வ் வங்கி விதிகள் இங்கே பெரிய தடை இல்லை. 2022-ன் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி கம்பெனியின் நிகர மதிப்பின் (சொத்தில் கடன் போக மிஞ்சுவதன்) 400% வரை, கொடுக்கும் உத்தரவாதங்களையும் சேர்த்து, முன் அனுமதியின்றிப் போகலாம். முதல் பணம் போகும் முன் வங்கி வழியாக எஃப்.சி. எனும் வெளிநாட்டு முதலீட்டுப் படிவம் கொடுத்து அடையாள எண் வாங்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த வேலைக்காக ஆலையின் கணக்கைக் கையில் எடுக்கும்போதே, இன்று மூடினால் என்ன கிடைக்கும், தொடர்ந்தால் இன்றைய மதிப்பு என்ன என்ற இரண்டையும் புதிதாகப் போடுங்கள். ஏற்கெனவே போட்ட 36 லட்சம் அந்தத் தாளில் எங்கும் வரக் கூடாது.