பூட்டியிருந்த வீட்டுக்கும் கணக்கு உண்டு: மட்டக்களப்பு, அம்பாறையில் கருத்துக்கணிப்பு செய்வது எப்படி

இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில், கருத்துக்கணிப்பு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மட்டக்களப்பு டவுனிலோ கல்முனை பஸ் நிலையத்திலோ நின்று, நேரம் இருக்கிற நூறு பேரைப் பிடித்துக் கேட்டுவிட்டு, 'கிழக்கு மக்கள் இப்படி நினைக்கிறார்கள்' என்று எழுதிவிடுவார்கள். அந்த நூறு பேரில் வெல்லாவெளியில் வயல் வாடியில் கிடப்பவர் இல்லை, ஏறாவூரில் வீட்டுக்குள் தையல் மெசினோடு இருக்கிற முஸ்லிம் அக்கா, எங்கள் பேச்சில் ராத்தா, இல்லை, தெஹியத்தகண்டியில் இருக்கிற சிங்கள விவசாயி இல்லவே இல்லை. கையில் அகப்பட்டவரிடம் கேட்காமல், தெரிவானவரைத் தேடிப்போய்க் கேட்பதுதான் கருத்துக்கணிப்பு. அதை எப்படிச் செய்வது என்று, நான் வருசக்கணக்கில் களத்தில் அலைந்து படித்ததை வைத்து எழுதுகிறேன்.

'இங்கே சரிவராது, சனம் பயப்படும்' என்பவர்களுக்கு நான் பலஸ்தீனத்தைக் காட்டுவேன். கலீல் ஷிகாகி என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் 1993 இலிருந்து மேற்குக் கரையிலும் காஸாவிலும் இதைச் செய்துகொண்டே வருகிறார்கள். ஆக்கிரமிப்பு, சோதனைச் சாவடி, ஊரடங்கு, 2023 இல் தொடங்கிய போர் என்று எல்லாவற்றுக்கும் நடுவில் செய்கிறார்கள். ரமல்லாவில் இருக்கும் அவர்களுடைய கொள்கை மற்றும் கருத்தாய்வு நிலையம் வழக்கமாகக் கிட்டத்தட்ட 120 இடங்களை எழுமாறாக, அதாவது சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, தெரிந்து, சுமார் 1,200 பேரை நேரில் சந்தித்துக் கேட்கும். 2023 நவம்பர் கடைசியில், காஸாவில் சில நாள் சண்டை ஓய்ந்த இடைவெளியில்கூட, இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த இடங்களுக்குப் போய்க் கேட்டார்கள். மேற்குக் கரையில் 750 பேர், காஸாவில் 481 பேர். வடக்குக் காஸாவுக்குள் போகமுடியவில்லை, அதையும் மறைக்காமல் சொன்னார்கள். அங்கே முடிந்தது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் முடியாதா?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் யாருடைய கருத்து வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள். 'மட்டக்களப்பு மாவட்டத்தில் வசிக்கும் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள்' என்று எழுதிவிட்டால், கட்டாரில் இருக்கும் மகன் கணக்கில் வரமாட்டார், கொழும்பில் வேலை செய்து மாதம் ஒருமுறை வருபவரைச் சேர்ப்பதா விடுவதா என்று அப்போதே முடிவெடுக்க வேண்டிவரும். இதைக் களத்தில் போய் முடிவெடுத்தால் கேள்வி கேட்கப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரிச் செய்யும்.

எத்தனை பேரிடம் கேட்பது? 400 பேர் என்றால் வழு, அதாவது முடிவு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ கூடக்குறைய 5 வீதம், 1,200 பேர் என்றால் 3 வீதத்துக்குக் கிட்ட. மாவட்டத்தின் சனத்தொகை 5 இலட்சமா 50 இலட்சமா என்பது இந்தக் கணக்கை அசைக்காது. சோறு பதமா என்று பார்க்க அண்டா எவ்வளவு பெரிது என்பதா முக்கியம், நன்றாகக் கிளறிவிட்டு அள்ளினோமா என்பதுதான். ஆனால் 1,200 பேரையும் பத்து ஊரிலேயே முடித்துவிடக் கூடாது. ஒரே ஊரில் இருப்பவர்கள் ஒரே கோயிலுக்கோ பள்ளிக்கோ போகிறார்கள், ஒரே குளத்துத் தண்ணீருக்குச் சண்டை பிடிக்கிறார்கள், பதிலும் ஒத்துப்போகும். ஒற்றுமையே இல்லை என்றால் 0, எல்லோரும் ஒரே பதில் என்றால் 1 என்ற அளவில், அந்த ஒற்றுமையை 0.05 என்று வைத்துப் பாருங்கள். 120 இடத்தில் பத்துப் பத்துப் பேராகக் கேட்டால் உங்கள் 1,200 பேர் உண்மையில் 828 பேருக்குச் சமம். 60 இடத்தில் இருபது இருபதாகக் கேட்டால் வெறும் 615. வாகனச் செலவு மிச்சம் என்று ஊரைக் குறைக்கச் சொல்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இடம் தெரிவதுதான் இந்த வேலையின் அத்திவாரம். பிரதேச செயலகங்களில் கிராம சேவகர் பிரிவு வாரியாக வீட்டு எண்ணிக்கை இருக்கும், குடிசன மதிப்புப் புள்ளிவிபரமும் இருக்கிறது. எல்லாப் பிரிவையும் வரிசையாக எழுதி, வீட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். உதாரணத்துக்கு மொத்தம் 150,000 வீடு, 60 இடம் வேண்டும் என்றால் இடைவெளி 2,500. ஒன்றுக்கும் 2,500 க்கும் இடையில் ஓர் எண்ணைக் கணினியில் எழுமாறாக எடுங்கள், 1,137 வந்தது என்று வையுங்கள். முதல் பிரிவில் 420 வீடு, இரண்டாவதில் 380, கூட்டினால் 800. மூன்றாவதில் 510, இப்போது 1,310. அப்படியானால் 1,137 ஆவது வீடு மூன்றாவது பிரிவில் இருக்கிறது, அது தெரிவு. அடுத்தது 3,637, அதற்கடுத்தது 6,137. பெரிய ஊருக்குக் கூடிய வாய்ப்பும் சின்ன ஊருக்கு அதன் அளவுக்கு வாய்ப்பும் கிடைக்கும், உங்கள் விருப்பத்துக்கு அதில் இடமே இல்லை.

பட்டியல் எழுதும்போதே வகை பிரித்து எழுதுவது நல்லது. பலஸ்தீனத்தில் மேற்குக் கரை, காஸா, அதற்குள் நகரம், கிராமம், அகதி முகாம் என்று பிரிப்பார்கள். மட்டக்களப்பில் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்று பிரித்து, அதற்குள் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று வரிசைப்படுத்துங்கள். அம்பாறையில் கரையோரம் வேறு, உகனை, தமணைப் பக்கம் வேறு. 2012 கணக்கெடுப்பில் அம்பாறையில் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. 600 பேர் கேட்டால் அதில் 102 பேர்தான் தமிழர். அந்த 102 ஐ மட்டும் வைத்து 'அம்பாறைத் தமிழர் இப்படிச் சொல்கிறார்கள்' என்று தனியாகப் பேசினால் வழு 10 வீதத்தைத் தொடும். தனியாகப் பேசத்தான் வேண்டும் என்றால் 200 பேராகக் கூட்டிக் கேளுங்கள், ஆனால் மாவட்டத்து மொத்தம் போடும்போது அவர்கள் ஒவ்வொருவரையும் 0.51 ஆளாக எண்ணுங்கள். இந்த நிறையிடலை மறந்தவர்களின் அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வாசிக்கும்போது வயிறு எரியும்.

இனி ஊருக்குள். கிராம சேவகரைக் கண்டு வேலையைச் சொல்லுங்கள், ஊர்ப் படம் கேளுங்கள், எல்லை எங்கே என்று கேளுங்கள். வீட்டை மட்டும் அவரைக் காட்டச் சொல்லாதீர்கள். முன்பு ஓர் ஆய்வில் என் குழு ஒரு நாள் மழைக்குப் பயந்து அப்படிச் செய்துவிட்டது. பத்து வீடும் தார் வீதியில், ஏழில் சங்கத் தலைவரோ செயலாளரோ இருந்தார்கள். அந்தப் பத்துப் படிவத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பக் குருமண்வெளியில் பாதை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவை, ஏறி மண்டூருக்குப் போனோம், ஒரு முழு நாள் செலவு. அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான்: ஊர்ப் படத்தில் சந்திகளுக்கு எண் போட்டு, ஒன்றை எழுமாறாக எடுத்து, அங்கிருந்து இடக்கைப் பக்கமாக நடந்து, ஒவ்வொரு ஏழாவது கடப்படியிலும், அதாவது வளவு வாசலிலும், நிற்பது. ஒழுங்கைக்குள் இருந்தாலும் சரி, வயல் ஓரத் தகரக் கொட்டில் என்றாலும் சரி. முகாம் என்றால் கூடார வரிசையை எண்ணுங்கள், சுனாமிக்குப் பிறகு இங்கேயும் அப்படித்தான் எண்ணினோம்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகாதீர்கள். இதைத்தான் நான் புதுப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது. பகல் பத்து மணிக்குத் திறந்திருக்கும் வீட்டில் வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருப்பார்கள், பூட்டிய வீட்டில் கூலிக்குப் போனவர்களும் கார்மெண்ட்ஸ் பிள்ளைகளும் இருப்பார்கள். பூட்டிய வீட்டை எல்லாம் விட்டால் உழைக்கிற சனத்தையே விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். மூன்று தரம் போங்கள், ஒன்று பின்னேரம், ஒன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் தரமும் கிடைக்கவில்லை என்றால் 'கிடைக்கவில்லை' என்று பதிவு செய்யுங்கள், அந்தப் பதிவு பின்னால் தேவைப்படும். வேளாண்மை வெட்டு நேரம், நோன்பு காலம், கதிர்காமத்துக்கு நடந்து போகிற காலம், கண்ணகி அம்மன் கதவு திறந்திருக்கும் நாட்கள், மாரியில் படுவான்கரை வீதிகள் தண்ணீருக்குள் போகிற நேரம், இவற்றையெல்லாம் பார்த்துத் திகதி வையுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் காத்தான்குடியில் ஆம்பிளைகளைத் தேடிப் பயனில்லை.

கதவு திறந்த பிறகு ஆளைத் தெரிய வேண்டும், அங்கேதான் பெரும்பாலானோர் வழுக்கி விழுகிறார்கள். வீட்டில் உள்ள 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் வயது வரிசையில் எழுதி, எழுமாற்று எண்ணால் ஒருவரை எடுக்க வேண்டும். லெஸ்லி கிஷ் என்பவர் 1949 இல் இதற்கு ஓர் அட்டவணை வெளியிட்டார், இன்றும் அதைத்தான் பாவிக்கிறோம், இப்போது டெப்லெட்டே எண்ணைத் தரும். கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாவது மகளின் பெயர் வந்தது. தகப்பன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கு என்ன மனே தெரியும், என்னைக் கேளுங்க, நான் சொல்றேன்."

எங்கள் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். "அப்பா, உங்களிட்டக் கேக்க எனக்கும் விருப்பம்தான். ஆனா இது சீட்டுக் குலுக்கிற மாதிரி. அக்காட பேருக்கு விழுந்திட்டு, நான் மாத்தினா களவு."

சீட்டு என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. கிழக்கில் சீட்டுப் பிடிக்காத ஒழுங்கை எது? மகள் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள், தகப்பனைத் தேத்தண்ணி குடிக்க முன் திண்ணைக்கு அனுப்பிவிட்டு அரை மணித்தியாலம் பேசினாள். குடிநீரைப் பற்றிய கேள்விக்கு, தகப்பன் பிரச்சினையே இல்லை என்று சொல்லியிருப்பார். தண்ணீர் எடுக்கப் போகிறவள் அவள்.

பெண்களிடம் கேட்கப் பெண்பிள்ளைகளையே அனுப்புங்கள். ஊரைத் தெரிந்த, ஆனால் அந்த ஊரைச் சேராதவர்களாகப் பாருங்கள், சொந்த ஊர்க்காரியிடம் யாரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். முஸ்லிம் ஊர்களுக்கு அந்தப் பேச்சுப் பழகியவர்கள் போகட்டும். சிங்களத்துக்கு மொழிபெயர்த்த படிவத்தை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தமிழாக்கிப் பாருங்கள், கேள்வி எங்கே வளைந்தது என்று தெரிந்துவிடும்.

கேள்வி எழுதுவதைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கேள்வியில் இரண்டு விசயம் வைக்காதீர்கள், ஒரு பதிலில் நீங்களாக அர்த்தம் ஏற்றாதீர்கள். ஷிகாகியின் குழு போர்க்காலத்தில், 2023 அக்டோபர் 7 இல் இஸ்ரேலைத் தாக்க ஹமாஸ் எடுத்த முடிவு சரியா என்று கேட்டதோடு நிற்கவில்லை. பொதுமக்களுக்கு எதிரான கொடுமைகளைக் காட்டும் காணொளிகளைப் பார்த்தீர்களா, ஹமாஸ் அவற்றைச் செய்தது என்று நம்புகிறீர்களா என்று தனித்தனியாகக் கேட்டது. பெரும்பாலானோர் பார்க்கவில்லை என்றும் நம்பவில்லை என்றும் சொன்னார்கள். முதல் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு அந்தச் சமூகத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதியிருந்தால் எவ்வளவு பெரிய பிழை. இங்கேயும் 'மாகாண சபை வேண்டுமா' என்று ஒரே கேள்வியில் முடிக்காதீர்கள். அது என்ன செய்யும் என்று நினைக்கிறீர்கள், காணி அதிகாரம் யாரிடம் இருக்கவேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். 'தெரியாது', 'சொல்ல விருப்பமில்லை' இரண்டையும் வேறு வேறாகக் குறியுங்கள்.

பயத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 2006 ஜனவரி பலஸ்தீனத் தேர்தலில் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்ட கணிப்புகள் ஹமாஸின் போட்டிக் கட்சியான ஃபதா முன்னால் என்றன, பெட்டியைத் திறந்தால் 132 ஆசனத்தில் 74 ஹமாஸுக்கு. தொகுதி முறை ஒரு காரணம், ஆனால் கட்சிப் பட்டியல் வாக்கிலும் ஹமாஸ்தான் முன்னால் நின்றது. கேட்பவரை நம்பாதவர்கள் பதில் சொல்லாமலோ மாற்றிச் சொல்லியோ போனால் இப்படித்தான் ஆகும். எங்கள் ஊரிலும் முதல் கேள்வி 'யார் அனுப்பின, சி.ஐ.டி.யா?' என்பதுதான், இரண்டாவது கேள்வி, அரசாங்க நிவாரணத் திட்டத்தை நினைத்து, 'அஸ்வெசும பதியிறதா, வீடு தருவீங்களா?' என்பது. இரண்டுமே பதிலைக் கெடுக்கும், ஒன்று வாயை மூடவைக்கும், மற்றது கஷ்டத்தைக் கூட்டிச் சொல்லவைக்கும். ஆகவே உட்காருமுன்னே சொல்லுங்கள்: நாங்கள் யார், காசு யாருடையது, இதனால் எந்த உதவியும் வராது, பெயர் எழுதமாட்டோம், விருப்பமில்லாத கேள்வியை விடலாம், எழும்பியும் போகலாம். கட்சி பற்றிய கேள்விக்கு டெப்லெட்டை அவர் கையிலேயே கொடுத்து, நீங்கள் மறுபக்கம் திரும்பி நில்லுங்கள்.

முடிவு பிடிக்காதவர்கள் உங்கள் மேல் பாயக்கூடும், அதற்கும் தயாராக இருங்கள். 2003 ஜூலையில் அகதிகளின் மீள்திரும்பல் பற்றி 4,500 குடும்பங்களிடம் கேட்ட முடிவை வெளியிடப்போன நாளில், ரமல்லா அலுவலகத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து ஷிகாகியையே தாக்கியது. அவர் ஆய்வை நிறுத்தவில்லை. உங்களைக் காப்பது உங்கள் கணக்குதான், ஆகவே வெளியிடும்போது கேட்ட திகதிகள், எத்தனை கதவு தட்டினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை வீடு கடைசிவரை பூட்டியிருந்தது, கேள்வி எந்தச் சொல்லில் கேட்கப்பட்டது, எந்த ஊருக்குப் போக முடியவில்லை என்று எல்லாவற்றையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. பத்து வீடு கேட்டால் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் திரும்பப் போய், வந்தார்களா, யாரிடம் பேசினார்கள், எவ்வளவு நேரம் என்று விசாரிக்கவேண்டும். அரை மணித்தியாலப் படிவம் ஏழு நிமிடத்தில் முடிந்திருந்தால் டெப்லெட்டின் நேரமும் ஜீ.பி.எஸ். புள்ளியும் காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனைக்காக வாங்கிய தொலைபேசி இலக்கங்களையும் வீட்டு அடையாளங்களையும் வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள், தாளில் இருந்தால் எரித்துவிடுங்கள். பெயர் எழுதமாட்டோம் என்று அந்தத் திண்ணையில் இருந்துதானே சொன்னோம்.