சரயேவோ போகுமுன்: திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

பால்கன் நாடுகளுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. இந்தக் கோடையிலும் போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் அதே பழைய தவறுகளைப் புதிய ஆட்கள் செய்வதைப் பார்த்தேன். நடக்க வசதியான ஷூ, குடை, பாஸ்போர்ட் நகல் எல்லாம் உங்களுக்கே தெரியும். பணத்தையும் நாளையும் தின்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

ஒருமுறை நுழைவு விசாவோடு எல்லை தாண்டுவது

இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

நம்மவர்கள் பெரும்பாலும் குரோஷியாவை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். ஸ்ப்ளிட், டுப்ரோவ்னிக் பார்த்துவிட்டு, "பக்கத்திலதானே சரயேவோ, ரெண்டு நாள் போயிட்டு வந்துடலாம்" என்று பஸ் ஏறுகிறார்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள் இருக்கிறது. போஸ்னியா ஷெங்கனிலும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை. நீங்கள் வெளியேறியதாக குரோஷிய எல்லையில் பதிவானதும் ஒருமுறை நுழைவு விசாவின் கதை முடிந்தது. இன்னும் பல நாள் செல்லும் என்று விசாவில் தேதி அச்சிட்டிருந்தாலும் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

ஒரு குடும்பம் நினைவுக்கு வருகிறது. கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். ஷெங்கன் விசா ஒரு முகவர் மூலம் எடுத்தது. போஸ்னிய விசாவும் தனியாக, முறையாக வாங்கியிருந்தார்கள். பெரிய பெட்டிகளை ஸ்ப்ளிட் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, தோள்பையோடு சரயேவோ வந்தார்கள். திரும்பும்போது குரோஷிய எல்லையில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஷெங்கன் விசாவில் நுழைவு எண்ணிக்கைக்கான கட்டத்தில் 1 என்று இருந்தது. முகவரும் அதைச் சொல்லவில்லை, இவர்களும் பார்க்கவில்லை. "எங்க பெட்டியெல்லாம் அங்க இருக்கு சார், நாங்க இங்க ரோட்டுல நிக்கிறோம்" என்று அந்த அம்மா போனில் அழுதார். கடைசியில் சரயேவோவிலிருந்து இஸ்தான்புல் வழியாக மூன்று பேருக்கும் புதிதாக டிக்கெட் எடுத்து ஊர் திரும்பினார்கள். பழைய டிக்கெட், ஹோட்டல் பணம் எல்லாம் போயிற்று. விண்ணப்பத்தில் 'பலமுறை நுழைவு' என்ற கட்டத்தைக் குறிக்க அந்த முகவருக்கு ஒரு நொடி ஆகியிருக்குமா?

அதனால், விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள். பயணத் திட்டத்தில் போஸ்னியா நாட்களையும் ஹோட்டல் பதிவையும் காட்டினால் கேட்பதற்குக் காரணம் இருக்கும். விசா கைக்கு வந்ததும் நுழைவு எண்ணிக்கைக் கட்டத்தில் MULT என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அது இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு போஸ்னியாவில் 30 நாள் வரை தனி விசாவும் தேவையில்லை. விதி மாறக்கூடியது என்பதால் கிளம்புமுன் தில்லியில் உள்ள போஸ்னியத் தூதரகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை நுழைவுதான் கிடைத்தது என்றால், போஸ்னிய விசா எடுத்துக்கொண்டு சரயேவோவைப் பயணத்தின் கடைசியில் வைத்து, அங்கிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் பழைய கடற்கரைச் சாலை, நேயும் என்ற ஊரில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் போய் வெளியே வருகிறது. 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் வழியாகப் போனால் குரோஷியாவை விட்டு வெளியேறவே வேண்டாம். வாடகைக் கார் எடுப்பவர்கள் மேப் காட்டும் வழியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

தவறான பஸ் நிலையம்

பெல்கிரேடிலிருந்து வரும் பஸ்கள் பல, நகரின் முக்கிய நிலையத்துக்கு வராமல் கிழக்கு சரயேவோவின் லூகாவிட்சா நிலையத்தில் இறக்கிவிடும். போஸ்னியப் போரை முடித்துவைத்த 1995 டேட்டன் ஒப்பந்தம் நாட்டை இரண்டு நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்தது. அந்தப் பிரிவுக் கோடு டோப்ரின்யா குடியிருப்பை ஒட்டிப் போகிறது; லூகாவிட்சா அதற்கு அந்தப் பக்கம். நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்து கோட்டைத் தாண்டினால் நகர மையத்துக்கு 103-ம் எண் டிராலிபஸ் கிடைக்கும். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஹோட்டலுக்குக் கிளம்புங்கள்.

மதியம் வந்து மாலை திரும்புவது

இரண்டு இரவாவது தங்குங்கள்.

லத்தீன் பாலத்தின் நடுவில் நின்று தேடுவது

1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை கவ்ரிலோ பிரின்ஸிப் சுட்டது (முதல் உலகப் போருக்குப் பொறியான கொலை) பாலத்தின் மேல் இல்லை. பாலம் முடிந்து சாலையைத் தொடும் முனையில். அருங்காட்சியகமும் அங்கேதான்.

போரைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பது

சூரிய அஸ்தமனம் பார்க்க எல்லோரும் மஞ்சள் கோட்டைக்கு ஏறுகிறார்கள். போகும் வழியில் கொவாச்சி கல்லறைத் தோட்டம். வெள்ளைக் கற்களில் இறந்த ஆண்டைப் படியுங்கள்: 1992, 1993, 1994. போரில் போஸ்னிய செர்பியப் படைகள் நகரைச் சுற்றி வளைத்த முற்றுகை 1,425 நாள் நீடித்தது. அதில் இறந்தவர்களின் நினைவாக 2012-ல் முக்கியச் சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகளைக் காலியாகப் போட்டு வைத்தார்கள். அந்தக் கற்களுக்கு நடுவே கைகளை விரித்து போஸ் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பக்கத்து வரிசையில் மகனின் கல்லைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கலாம்.

தரையில் பூப்போலத் தெரியும் சிவப்புத் தழும்புகள், குண்டு விழுந்து ஆட்கள் இறந்த இடங்கள். பிசின் ஊற்றி அடையாளம் வைத்திருக்கிறார்கள். ஒதுங்கி நடந்து போங்கள்.

ஹோட்டல்காரரிடமும் டாக்ஸி ஓட்டுநரிடமும், "போர்ல நீங்க எங்க இருந்தீங்க, உங்க வீட்ல யாராவது செத்தாங்களா" என்று கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். விவரம் தெரிய வேண்டுமென்றால் விமான நிலையத்துக்கு அடியில் 1993-ல் தோண்டிய சுரங்கத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. சுமார் 800 மீட்டர் சுரங்கத்தில் இப்போது சிறு பகுதிக்குள்தான் போக முடியும். நகர மையத்திலிருந்து தூரம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

காட்டுப் பாதையை விட்டு இறங்குவது

மண்டை ஓடு வரைந்த சிவப்புப் பலகை கண்ணிவெடி எச்சரிக்கை. வந்த வழியே திரும்புங்கள்.

புரெக்கை சைவம் என்று நினைப்பது

புரெக் என்பது மெல்லிய மாவில் பூரணம் வைத்துச் சுடும் பண்டம்; சரயேவோவில் புரெக் என்றால் உள்ளே இறைச்சிதான், பெரும்பாலும் மாட்டிறைச்சி. செவாப்பியும் (விரல் போல உருட்டிச் சுட்ட கொத்திறைச்சி) அப்படித்தான். சைவம் சாப்பிடுபவர்கள் அதே கடையில் சிர்னிட்சா (பாலாடைக்கட்டி), ஸெல்யானிட்சா (கீரை), க்ரோம்பிருஷா (உருளைக்கிழங்கு) கேளுங்கள். மூன்றும் அருமையாக இருக்கும், சூடாக வாங்குங்கள்.

மார்க்காவை மிச்சம் வைத்துக்கொண்டு கிளம்புவது

மார்க்கா போஸ்னிய நாணயம். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க்கா, நிலையான மதிப்பு. ஆனால் போஸ்னியாவுக்கு வெளியே அதை மாற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம். கடைசி நாளே மாற்றிவிடுங்கள்.