சிநேகிதர் வீடுகள் வழியே ஐரோப்பா: மட்டக்களப்பு, அம்பாறைத் தம்பதிகளுக்கு

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர் சூரிச்சில், பக்கத்து வீட்டுக்காரர் டோர்ட்முண்டில், கலியாணத் தோழன் பாரிசில். வாழைச்சேனை முதல் பொத்துவில் வரை இப்படி ஒரு பட்டியல் இல்லாத வீடு குறைவு. எல்லாரும் "வாங்கோ" என்றுதான் சொல்வார்கள். ஆனால் முதல் பயணத்தில் மூன்று வீட்டுக்கு மேல் போடாதீர்கள். ஐந்து வீடு போட்டால் பாதி நாள் ரயிலில் போகும், மீதி நாள் பெட்டி அடுக்குவதில் போகும்.

விசாவும் பயணச்சீட்டும் எல்லாம் வீடுகளின் வரிசையை வைத்துத்தான் அமையும். ஆகவே முதலில் ஒரு தாளில் நாட்களை எழுதுங்கள். உதாரணமாகச் சூரிச் 9 இரவு, டோர்ட்முண்ட் 6, பாரிஸ் 7. ஷெங்கன் என்பது பொது விசா வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; சுவிஸ், ஜேர்மனி, பிரான்ஸ் மூன்றும் அதில் உண்டு. ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே விசா போதும். ஆனால் அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், இந்தக் கணக்கில் அது சுவிஸ். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் காலடி வைக்கும் நாடு. "அந்த நாட்டில் சுகமாகக் கிடைக்குமாம்" என்று கேள்விப்பட்டு வேறு நாட்டில் போட்டுவிட்டு, தங்குவது மட்டும் சுவிசில் என்றால், பயணத் திட்டத்தைப் பார்த்தவுடனே பிடிபட்டுவிடும்.

லண்டன் இந்தக் கணக்கில் சேராது. பிரித்தானிய விசா தனி, கட்டணமும் தனி. பாரிசில் இருந்து லண்டன் போய்த் திரும்ப ஷெங்கனுக்குள் வருவதென்றால் ஒருமுறை நுழையும் விசா உதவாது. இரண்டு முறையோ பலமுறையோ என்று விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். லண்டனைக் கடைசி ஊராக வைத்து அங்கிருந்தே ஊர் திரும்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

காலத்தைப் பற்றி ஒரு சொல். யூலை, ஓகஸ்ட்டில் அங்கே பள்ளி விடுமுறை. அந்த மாதங்களில் உங்கள் சிநேகிதர் மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊருக்கு வந்து நிற்கக் கூடும், கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். வயல் செய்பவர்களுக்குப் பெரும்போக வெட்டு முடிந்து நெல் விற்ற பிறகு, மே, யூன் நல்லது. குளிரும் குறைவு, இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வங்கிக் கணக்கிலும் அப்போதுதான் பணம் தெரியும்.

விசாக் கடதாசிகள்

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, கடைசி 15 நாள் வரை விண்ணப்பிக்கலாம். சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள் வரையும் இழுபடலாம். வெயில் காலப் பயணங்களுக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்னரே கொடுங்கள். கட்டணம் 2024 யூன் 11 முதல் ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. மறுத்தால் திரும்பி வராது.

கைரேகை வைக்கக் கணவன், மனைவி இருவரும் கொழும்புக்கு நேரில் போக வேண்டும். அக்கரைப்பற்றிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ் பிடித்துப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கு நேரம் குறிக்காமல் பத்து, பதினொரு மணிக்குக் குறியுங்கள். வயல்வேலையில் ரேகை தேய்ந்த கைகளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவில் எண்ணெய் பூசிவந்தால் இயந்திரம் இலகுவில் வாசிக்கும். போகிற அன்று மட்டும் கையைத் துடைத்து உலர்த்திக்கொண்டு போங்கள்.

கடவுச்சீட்டு பத்து வருடத்துக்குள் எடுத்ததாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். பயணக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும். சீனி, பிரஷர் போன்ற பழைய நோய்களைப் பல காப்புறுதிகள் ஏற்பதில்லை. வாங்கும்போதே அந்தப் பந்தியை வாசியுங்கள்.

எங்கள் பகுதி விண்ணப்பங்களில் அடிக்கடி முட்டுவது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, விவாகச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, தமிழ்ச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது முட்டு, "திரும்பி வருவார்களா" என்ற கேள்வி. அதற்குப் பதில் கடதாசியில்தான் இருக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் பிரதேச செயலகத்தில் ஓய்வூதியக் கடிதம் எடுக்கலாம். அரச சேவையில் இருப்பவர்கள் வெளிநாட்டு விடுமுறை அனுமதியை வைக்க வேண்டும், ஆசிரியர்கள் அதற்கு வலயக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். விவசாயிகள் காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரத்தோடு, நெல் விற்ற காசு விழுந்த மாதத்தையும் உள்ளடக்கிய ஆறு மாத வங்கிக் கூற்றை வையுங்கள். விண்ணப்பத்துக்கு முதல் கிழமை யாரிடமோ மாறி வாங்கிப் பத்து இலட்சம் போடுவது உதவியல்ல, கெடுதல். அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

சிநேகிதர் அங்கே செய்ய வேண்டியது

நாட்டுக்கு நாடு இது வேறு. பிரான்சில் இருப்பவர் தன் நகரசபையில் உங்களைத் தன் வீட்டில் தங்கவைப்பதற்கான சான்றான 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' எடுக்க வேண்டும். 30 யூரோ முத்திரை. அதன் மூலப் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், வாட்ஸ்அப் படம் போதாது. தபால் நாட்களையும் கணக்கில் வையுங்கள். ஜேர்மனியில் செலவைப் பொறுப்பேற்கும் பத்திரமான 'ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங்', வெளிநாட்டவர் அலுவலகத்தில், 29 யூரோ. ஆறு மாதத்துக்குள் பாவிக்க வேண்டும், அவரின் சம்பளமும் போதுமானதாக இருக்க வேண்டும். சுவிசில் அழைப்புக் கடிதம் எழுதினால் முதலில் போதும். தூதரகம் கேட்டால் மட்டும் 30,000 பிராங்குக்குப் பொறுப்புக் கையெழுத்து. பொறுப்பாளர் இல்லாமல் உங்கள் சொந்தச் செலவென்றால் ஒரு நாளுக்கு ஆளுக்கு 100 பிராங்க் காட்ட வேண்டும்.

இந்தக் கையெழுத்துகள் மரியாதைக்குப் போடுவன அல்ல. உங்களுக்கு அங்கே ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அவர் தலையில் விழும். ஆகவே காப்புறுதி வாங்கியதை அவருக்கும் அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

விசா கிடைத்ததும் ஒட்டியிருக்கும் தாளைச் சரியாக வாசியுங்கள். செல்லுபடியாகும் திகதிகள் வேறு, தங்கக்கூடிய நாட்கள் வேறு. 23 நாள் கேட்டவருக்குப் பெரும்பாலும் 15 நாள் சலுகையோடு 38 நாளுக்குத் திகதி போடுவார்கள். தங்கலாமென்பது 23 நாள்தான். இறங்கும் நாளும் ஏறும் நாளும் அதில் சேரும். 2025 ஒக்டோபர் 12 முதல் எல்லையில் முகப்படம் எடுத்துப் போக்குவரவைக் கணினியில் பதியத் தொடங்கிவிட்டார்கள், ஒரு நாள் கூடினாலும் தெரியும்.

பெட்டிக்குள் என்ன

மட்டக்களப்புத் தயிரும் நெய்யும் விமான நிலையத்தைத் தாண்டாது. பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருளைப் பயணிகள் கொண்டுபோகவே கூடாது. கருவாட்டுக்கும் மாசிக்கும் தடையில்லை, ஆளுக்கு 20 கிலோ வரை. தேன் 2 கிலோ. கறிவேப்பிலை, முருங்கையிலை, மாம்பழம், பாகற்காய் எல்லாம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. அதிலிருந்து தப்பிய பழங்கள் ஐந்தே ஐந்து: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன்.

அரிசியைச் சுமக்காதீர்கள். தமிழ்க் கடைகளில் புழுங்கலரிசி உண்டு. அவர்கள் கேட்பது வீட்டில் வறுத்து இடித்த தூள், முந்திரிப்பருப்பு, மருதமுனைச் சாரம். கருவாட்டை நன்றாகக் காயவைத்து, காற்று எடுத்த பையில் ஒட்டி, இன்னொரு பையில் போட்டு, உடுப்புக்கு நடுவில் அல்லாமல் பெட்டி ஓரத்தில் வையுங்கள்.

மருந்து மூன்று கிழமைக்கென்றால் நான்கு கிழமைக்கு எடுங்கள். மருந்தின் பொதுப் பெயர் எழுதிய டொக்டர் கடிதத்தோடு கைப்பையில். இன்சுலின் பெட்டிக்குள் போகவே கூடாது.

அங்கே

சூரிச்சில் இறங்கிப் பாரிசில் ஏறுவதாக விமானச்சீட்டு எடுத்தால் திரும்பிவரும் பாதை மிச்சம். சூரிச்–பாரிஸ் நேர் ரயிலில் நான்கு மணித்தியாலம். டோர்ட்முண்டுக்குக் கிட்டவுள்ள கொலோனிலிருந்து பாரிஸ் மூன்றரைக்குக் கிட்ட. ஜேர்மன் மலிவுச் சீட்டு குறித்த ரயிலுக்கு மட்டும்தான். போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்துமென்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கும், அடுத்த ரயிலில் ஏறலாம். ஜேர்மன் ரயில்கள் பிந்துவது புதினமல்ல, மாறி ஏறும் இடத்தில் அரை மணித்தியாலமாவது விடுங்கள். டோர்ட்முண்டில் நிற்கும்போது பக்கத்தில் ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் கும்பாபிஷேகம் கண்டது.

தொலைபேசி சிம் வாங்கும்போது சுவிசும் சேர்த்தியா என்று கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய சிம்கள் பலவற்றில் சுவிஸ் இல்லை; எல்லை தாண்டியதும் காசு ஓடும்.

வீட்டுக்காரர் பெரும்பாலும் முறை வேலை. சாவி எங்கே, எத்தனை மணிக்கு வருவார், எந்த பஸ் என்று முதல் இரவே எழுதி வாங்குங்கள். சுவிஸ் தொடர்மாடிகளில் உடுப்புத் தோய்க்கக் குடும்பத்துக்கு ஒரு நாள், இரவு பத்துக்குப் பிறகு சத்தம் இல்லை, குப்பைக்குக் காசு கொடுத்து வாங்கிய பை. அந்தப் பையை வாழைப்பழத் தோலால் நிரப்பினால் அவர் எதுவும் சொல்ல மாட்டார், காசு மட்டும் போகும். கருவாடு பொரிப்பதென்றால் யன்னலைத் திறந்து, பகலில். ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியில் கடை பூட்டு. "நான் சமைக்கிறேன் தங்கச்சி" என்று ஒரு நேரச் சமையலைப் பொறுப்பெடுப்பது எந்தப் பரிசிலும் பெரிது.

சாமான் வாங்கினால் வரி மீளப்பெறலாம். பிரான்சில் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல், ஜேர்மனியில் 50 யூரோவுக்கு மேல். கடையிலேயே படிவம் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடத்தில் சுங்கம் அதை உறுதிப்படுத்த வேண்டும். பாரிசில் ஏறுபவருக்கு அது விமான நிலையத்தில், பெட்டியை ஒப்படைப்பதற்கு முன். சுவிஸ் வழியாகத் திரும்புபவருக்கு அது ரயில் எல்லையிலேயே கடந்துபோய்விடும். சூரிச்சில் நீட்டினால் ஏற்கமாட்டார்கள்.