இரவு நங்கூரம் போடுவது எப்படி: குடும்பப் படகுக்காரர்களுக்கு

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்தின் விட்சண்டே தீவுகளில் உரிமம் இல்லாமலேயே படகை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றலாம். பாய் ஏற்றுவது, ரேடியோவில் பேசுவது எல்லாம் படகு கொடுப்பவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். ராத்திரி நிம்மதியாகத் தூங்கத் தேவை நங்கூரக் கணக்கு. இங்கே அதை மட்டும் பார்ப்போம்.

முதலில் இடம். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்றுதான் அதிகம். அதற்கு ஒதுங்க, ஹூக் தீவில் நாரா இன்லெட் மாதிரி நீண்டு உள்ளே போகிற குடாவாகப் பாருங்கள். அடியில் சேறு, நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். வெள்ளைப் பிரமிடு வடிவ மிதவைகள் தெரிந்தால் அவற்றுக்கும் கரைக்கும் நடுவே நங்கூரம் போடக்கூடாது, அது பவளத்திட்டு. மாலை 4 மணிக்குள் போய்ச் சேருங்கள். வெயில் சாய்ந்துவிட்டால் தண்ணீருக்கடியில் திட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. (பக்கத்து சிட் ஹார்பரும் நல்ல இடம்தான், ஆனால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். 2018-ல் அங்கே சுறா தாக்கியிருக்கிறது.)

இனி கணக்கு. ஆழமானி 5 மீட்டர் என்று காட்டுகிறது, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும் என்பது கணக்கு, ஆக 25 மீட்டர் விட்டால் போதும் என்று தோன்றும். போதாது. இங்கே கடல் ஏற்றம் சில நாட்களில் 3 மீட்டரைத் தாண்டும். நீங்கள் போட்டது வற்று நேரம் என்றால் நள்ளிரவில் ஆழம் 8 மீட்டர். சங்கிலி தொடங்குவது தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல, அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்முனையிலிருந்து. அதற்கு இன்னொரு மீட்டர். மொத்தம் 9, ஐந்து மடங்கு 45 மீட்டர். 25 மீட்டர்தான் விட்டிருந்தால் மூன்று மடங்குகூடத் தேறாது. சங்கிலி தரையில் படுத்துக் கிடந்தால்தான் நங்கூரம் பக்கவாட்டில் இழுபட்டு மண்ணில் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். அதனால் போடும் நேரத்து ஆழத்தை விடுங்கள், ஏற்ற அட்டவணையைப் பார்த்து அன்றிரவின் உச்ச ஆழத்தைக் கணக்கில் எடுங்கள்.

எத்தனை மீட்டர் விட்டோம் என்று தெரிய, 10 மீட்டருக்கு ஒரு நிறமாகச் சங்கிலியில் கேபிள் டை கட்டுங்கள். பெயிண்ட் எனக்குப் பிடிக்காது, சீக்கிரம் உரிந்துவிடும். சொந்தப் படகென்றால் பழைய கலப்பை வகை நங்கூரத்தை மாற்றி ராக்னா போன்ற புதிய வகை ஒன்றை வாங்குங்கள், காசுக்குத் தகும்.

போடும்போது காற்றுக்கு எதிர்முகமாக மெதுவாக வந்து, படகு நின்றபின் நங்கூரத்தை இறக்குங்கள். படகு பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நங்கூரத்தின் மேலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். முழுதும் விட்டபின் ரிவர்ஸில் எஞ்சினை மெல்ல ஏற்றி இழுத்துப் பாருங்கள். கரையில் ஒரு மரம், அதற்குப் பின்னால் ஒரு பாறை என்று ஒரே கோட்டில் வருகிற இரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது அந்தக் கோடு கலையாமல் இருந்தால் நங்கூரம் பிடித்துவிட்டது. இந்தக் காவல் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாம், கண் எடுக்காமல் பார்ப்பார்கள். அதுவரை அடுப்பில் குக்கரை ஏற்ற வேண்டாம்.

அப்புறம் பாய்மரத்தின் உச்சியில் வெள்ளை விளக்கு, போனில் நங்கூர அலாரம். அலாரத்தின் மையப்புள்ளி நங்கூரம் விழுந்த இடம். படகு நிற்கிற இடத்தை மையமாக வைத்தால் காற்று திரும்பும்போதெல்லாம் அலறி எழுப்பும்.

பின்சேர்ப்பு: இரண்டு வாசகர்கள் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். அவர்கள் படகில் ஆழமானி, அடிக்கட்டையிலிருந்து கீழே உள்ள ஆழத்தைக் காட்டுகிறதாம். அப்படியென்றால் படகு நீரில் மூழ்கியிருக்கும் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். எந்த வகை என்று படகை வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இன்னொருவர், பக்கத்துப் படகு இரவில் நெருங்கி வந்தது என்றார். அது, படகு கட்டவென்றே போட்டிருக்கிற மிதவையில் கட்டிய படகாக இருக்கும். அது இருந்த இடத்திலேயே சுற்றும், 45 மீட்டர் சங்கிலியில் நாம் பெரிய வட்டமே அடிப்போம். கடைசியாக வந்தவர்தான் தள்ளிப் போக வேண்டும்.