பெண் குழந்தைக்கு சிந்தியா என்று பெயர் வைக்கப் போகிறீர்களா?

கொடைக்கானலில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று சிந்தியா இருக்கிறார்கள். யார் வீட்டில் கேட்டாலும் "நிலான்னு அர்த்தம்" என்பார்கள். தப்பில்லை, ஆனால் அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள். அக்கா மகளுக்கு இந்தப் பெயர் வைத்தபோது தேடிப் படித்ததையும் அலைந்து கற்றதையும் சொல்கிறேன்.

முதலில் கதை. கிரேக்கப் புராணத்தில், தேவர்களின் அரசன் சேயுஸின் பிள்ளைகளை வயிற்றில் சுமந்த லேத்தோவுக்கு, அவன் மனைவி ஹேராவின் கோபத்துக்குப் பயந்து எந்த ஊரும் பிள்ளை பெற இடம் தரவில்லை. கடைசியில் டீலோஸ் என்ற சின்னத் தீவு தந்தது. அங்கே கிந்தோஸ் மலையடியில் ஆர்ட்டெமிஸ் என்ற பெண் தெய்வமும் அப்பல்லோ என்ற ஆண் தெய்வமும் இரட்டையராகப் பிறந்தார்கள்; முதலில் பிறந்த ஆர்ட்டெமிஸே தம்பி பிறக்கும்போது அம்மாவுக்குத் துணை நின்றாள் என்றும் ஒரு கதை உண்டு. கிந்தோஸ் மலைக்காரி என்பதால் அவள் கிந்தியா. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்ததில் அது சிந்தியா ஆனது. ஆர்ட்டெமிஸைப் பிற்காலத்தில் நிலாவோடு சேர்த்தார்கள், நிலா என்ற பொருள் அப்படி வந்ததுதான்.

வீட்டுப் பெரியவர்கள் "இது என்ன பேரு" என்று கேட்டால் பழனியம்மாளைச் சொல்லுங்கள், உடனே புரியும். மலையின் பெயர் சாமிக்கு, சாமியின் பெயர் பிள்ளைக்கு, அதே வழிதான். கிந்தோஸும் பெரிய மலை இல்லை, ஏறத்தாழ 112 மீட்டர். மேகமில்லாத காலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நின்றால் கீழே பழனி மலை கைக்குள் அடங்குகிற அளவில் தெரியுமே, அந்த மாதிரி ஒரு குன்று.

எழுதும்போது சிந்தியா என்றே எழுதுங்கள். சின்தியா என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆனால் தமிழில் த-வுக்கு முன்னால் ந் வருவதுதான் இயல்பு. குவாலியர் அரச குடும்பத்துச் சிந்தியாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஷிண்டே என்ற மராட்டிப் பெயர். கத்தோலிக்க வீடு என்றால் இது புனிதர் பெயர் இல்லையே என்ற பேச்சு வரலாம். ஞானஸ்நானத்துக்கு சிந்தியா மேரி என்று ஒரு புனிதர் பெயரைச் சேர்த்துவிட்டால் சரி.

கி.மு. 426-ல் ஏதென்ஸ்காரர்கள் டீலோஸைப் புனிதமாக்குகிறோம் என்று, அங்கே இனி யாரும் பிறக்கவோ சாகவோ கூடாது என விதித்தார்கள். பிரசவத்துக்குப் பக்கத்துத் தீவான ரேனியாவுக்குப் போக வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அக்காதான் நினைவுக்கு வந்தாள். எட்டாம் மாதமே அவளை மலையிலிருந்து கீழே கூட்டிப் போனோம், வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி நிறுத்தி.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த ஊரில்தான், நீங்கள் குடியிருக்கும் ஊரில் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அவசரப்படாதீர்கள், ஆனால் மறந்தும்விடாதீர்கள். ஆங்கிலத்தில் டி-க்கு அடுத்து ஹெச் இருக்கிறதா, இரண்டாவது எழுத்து ஒய்தானா என்று அங்கேயே விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். எங்களுக்கு ஹெச் விட்டுப்போய், அந்த ஓர் எழுத்துக்காக மாமா இரண்டு தரம் மலை இறங்கினார்.

வீட்டில் எப்படியும் சிந்து ஆகிவிடும், எங்கள் வீட்டில் இரண்டே வாரத்தில் ஆகிவிட்டது.